ஐந்தாம் சீலமும் தொழிற்களமும்



பௌர்ணமிதோறும் நாம் கூடித் திரிசரணம் அடைந்து பஞ்சசீலம் ஏற்கின்றோம். நான்கு சீலங்களைக் கருத்தூன்றிச் சொல்லி வரும் நம்மிற் பலர், ஐந்தாவதற்கு வந்ததும், ‘இது குடிப்பவருக்காகச் சொல்லப்பட்டது, நான் குடியாதவன், எனக்கு இதில் வேலை இல்லை’ என்று எண்ணி எளிதிற் கடந்துவிடுகின்றனர். அவ்வெண்ணம் பிழையுடையது. குடியாதவனுக்கும் அச்சீலத்தில் கடமை உண்டு. நம்மவர் பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடமாகிய தொழிற்களத்தில் அக்கடமை யாது என்பதே இப்பாடத்தின் பொருள்.

முதலில் சீலத்தின் சொற்களை நோக்குவோம். அதில் மூன்று பொருட்பெயர்களும் ஒரு காரணமும் உள்ளன. சுரா என்பது மாவும் சோறும் முதலியவற்றைப் புளிக்கவைத்து ஆக்கும் மது. மேரயம் என்பது பூ, கனி, தேன், வெல்லம் இவற்றினின்று ஆக்குவது. மஜ்ஜம் என்பது மயக்கும் தன்மையுள்ள எதற்கும் பொதுப்பெயர். ஆகவே கஞ்சா, அபின் முதல், இன்று மருந்துக்கடையிலிருந்து முறைகேடாக வாங்கி விழுங்கும் தூக்க மாத்திரை, வலி மாத்திரை, இருமல் மருந்து, சிறுவர் துணியில் நனைத்து முகரும் சொலூஷன் ஈறாக யாவும் இதனுள் அடங்கும். ‘சாராயந்தானே கூடாது, மாத்திரைக்கு என்ன?’ என்று வாதிடும் இளைஞர்க்கு இது விடை.

காரணமாகச் சொல்லப்பட்டது பமாதட்டானம் என்பது. பமாதம் என்பது வடமொழியில் பிரமாதம். நாம் இன்று நல்ல சாப்பாட்டையும் நல்ல பாட்டையும் ‘பிரமாதம்’ என்று புகழ்கின்றோம். அச்சொல்லின் பழம்பொருளோ கருத்தின்மை, சோர்வு, தவறு என்பதாகும்! வள்ளுவர் பொச்சாப்பு என்றது இதனையே. அவர் பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். பகவனோ இரண்டையும் ஒரே சீலத்தில் இணைத்தார். மது தீட்டு என்பதற்காக விலக்கப்படவில்லை. கருத்தின்மைக்கு இடமாதலின் விலக்கப்பட்டது. இதனை மனத்திற் கொண்டால், சுழலும் இயந்திரமும் உயரக் கட்டிய சாரமும் ஓடும் வண்டியும் உள்ள இடத்தில் இச்சீலம் எத்துணைக் கூர்மை பெறுகிறது என்பது தானே விளங்கும். வீட்டில் ஒருவன் கருத்திழந்தால் அவன் வீட்டார் துன்புறுவர். சாரத்தின்மேல் ஒருவன் கருத்திழந்தால், கீழே நின்று கலவை தூக்கும் பெண், அவன் பெயரைக்கூட அறியாதவள், உயிரிழக்கக்கூடும்.

இனி, யான் செய்த ஒரு பிழையைச் சொல்லுகின்றேன். இளமையில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சிறு பட்டறையில் இருந்தேன். வருகைப் பதிவேடு என் கையில் இருந்தது. பவர் பிரஸ்ஸில் நின்றவர் எங்களுள் மூத்தவர், கைத்திறன் மிக்கவர், எனக்குத் தொழில் கற்பித்தவர். அண்ணன் என்றே அழைப்பேன். அவர் திங்கட்கிழமைகளில் பிந்தி வருவார். யான் நேரத்தோடு வந்ததாக எழுதுவேன். பகலில் அரைமணி மறைவார். அவர் இயந்திரத்தை யான் ஓட்டுவேன். கை நடுங்கும், அளவெடுப்பதை யான் செய்து கொடுப்பேன். இவையெல்லாம் நன்றிக்கடன் என்று கருதினேன். ஈராண்டுக்குமேல் இப்படி நடந்தது. ஒருநாள் பகலுணவுக்குப்பின் அவருடைய வலக்கையின் இரண்டு விரல்கள் அச்சின்கீழ் நசுங்கிப் போயின. மருத்துவர் சீட்டில் மதுவாடை என்று எழுதப்பட்டது. பட்டறை முதலாளி அதனையே காட்டி நட்டஈடு இல்லை என்றார். அவருடைய மனைவி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, இராத்திரி குடிப்பார் என்று எனக்குத் தெரியும். வேலை நேரத்திலும் குடிக்கிறார் என்று எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் அண்ணன்மார் இருந்தார்களே, எப்படியாவது ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருப்போமே.” விடை சொல்ல இயலாமல் நின்றேன்.

யான் காட்டியது நட்பு என்று அந்நாளில் நம்பினேன். பின்னரே தீக நிகாயத்துச் சிகாலோவாத சூத்திரத்தைப் படித்தேன். இல்லறத்தார்க்குரிய ஒழுக்க நூல் என்று போற்றப்படும் அதில், இராசகிருகத்தில் திசைகளை வணங்கி நின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவன் குடியின் ஆறு கேடுகளை எடுத்துரைக்கின்றார்: பொருட்கேடு, சச்சரவு, நோய், பழிச்சொல், நாணமிழத்தல், அறிவு தளர்தல் என்பன. இவ்வாறும் நாம் அறிந்தவையே. ஒவ்வொரு தெருவிலும் இவற்றுக்குச் சான்று உண்டு. நாம் ஊன்றி நோக்க வேண்டியது அச்சூத்திரத்தின் அடுத்த பகுதி. அங்கே குடிக்கும்போது மட்டும் தோழனாய் இருப்பவன் நண்பன் போன்ற பகைவருள் வைத்து எண்ணப்படுகிறான். உண்மை நண்பனுக்குரிய இலக்கணங்களுள் முதலாவதாகச் சொல்லப்படுவதோ, நண்பன் கருத்திழந்திருக்கும்போது அவனைக் காத்தல் என்பது. ஈண்டும் அதே சொல் வருகிறது; பமத்தனாய் இருப்பவனைக் காத்தல். அவன் பொருளைக் காத்தலும், இடுக்கணில் கைவிடாமையும், அவனுடைய மறைபொருளைக் காத்தலும் தொடர்ந்து சொல்லப்படுகின்றன.

‘மறைபொருளைக் காத்தல் என்றுளதே, அப்படியாயின் அவன் குடியை மறைத்தது சரிதானே?’ என்று ஓர் அன்பர் வகுப்பில் வினவினார். நல்ல வினா. மறைபொருளைக் காத்தலாவது, அவனுடைய குறையைத் தேநீர்க் கடையில் பேசித் திரியாமை. அவன் கையை அச்சின்கீழ் கொண்டுபோகும் குறையை, அவனுக்கு உதவக்கூடியவரிடத்தும் சொல்லாது விடுதல் அதுவன்று. யான் பதிவேட்டில் எழுதியது பொய். நான்காம் சீலத்திற்கே மாறு. அப்பொய்யால் அவர் காக்கப்படவும் இல்லை. நோய் முற்றுவதற்கு ஈராண்டு அவகாசம் கிடைத்தது, அவ்வளவே.

நட்டஈட்டைப்பற்றி ஒரு சொல். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தில் இருந்த விதி, 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. விபத்து நேரும்போது தொழிலாளி குடி அல்லது மயக்கப்பொருளின் வயப்பட்டிருந்து, அதுவே விபத்துக்கு நேர்க்காரணமாயின், உயிரிழப்போ நிரந்தரமான முழு ஊனமோ நேர்ந்தாலன்றி முதலாளி நட்டஈடு தரக் கடமைப்பட்டவர் அல்லர். இரண்டு விரல் போவது முழு ஊனம் ஆகாது. குடும்பத்தார் இதனை அறிந்திருத்தல் வேண்டும்; விபத்துக்குப்பின் அறிவதால் பயன் இல்லை.

அறிந்துகொள்வது எப்படி என்பதற்கு வருவோம். தள்ளாடுபவனை அறிவதற்குப் பாடம் தேவையில்லை. முன்கூட்டி அறிவதே வேண்டப்படுவது. ஒருநாள் நிகழ்ச்சியால் எதுவும் துணியப்படாது. பல வாரங்களில் ஒருவனிடம் தோன்றும் மாறுதலே நமக்கு அடையாளம். திங்கட்கிழமையும் சம்பளத்துக்கு மறுநாளும் வராமை, உடனொத்தாரிடம் சிறுகடன் வாங்கித் திருப்பாமை, வேலைக்கு நடுவே காரணமின்றி மறைதல், ஒருநாள் சிறந்த வேலையும் மறுநாள் கழிவு வேலையுமாக ஏற்றத்தாழ்வு, சிறு காயங்களும் மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளும் பெருகுதல், அமைதியானவன் சினத்தவனாதல், கலகலப்பானவன் தனித்து உண்ணத் தொடங்குதல், எந்நேரமும் பாக்கும் ஏலக்காயும் மென்று வாய்நாற்றம் மறைத்தல். காலையில் கை நடுங்கி, பதினொரு மணிக்கு மறைந்து திரும்பியபின் நடுக்கம் நின்றிருக்குமாயின் அது மிகுந்த கவனத்துக்குரியது. உடல் மதுவுக்கு அடிமைப்பட்டுவிட்டது என்பதற்கு அது அறிகுறி. என் அண்ணனிடம் இதனை யான் ஈராண்டு கண்டேன், பொருள் அறிந்திலேன். மாத்திரைகளுக்கு வாடையால் அடையாளம் கிடைப்பது அரிது. பட்டப்பகலில் கண் சொக்குதல், அபின்வகை வலி மாத்திரையாயின் கண்மணி ஊசிமுனைபோற் சுருங்குதல், கஞ்சாவாயின் கண் சிவத்தல், சொல்லியதை மறத்தல் ஆகியவை தோன்றும்.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை கூறாதிருத்தல் தகாது. இவ்வடையாளங்கள் யாவற்றுக்கும் வேறு காரணங்களும் உண்டு. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை குறைந்தால் வேர்க்கும், நடுங்கும், பேச்சுக் குழறும். சர்க்கரை மிகுந்து நிலை முற்றினால் மூச்சில் பழவாடை போன்ற வாடையும் வரும். தலையில் அடிபட்டவனும் பக்கவாதம் தொடங்கியவனும் வெப்பத்தால் மயங்கியவனும் குடித்தவன் போலவே தோன்றுவர். இவர்களை ‘குடித்துவிட்டான், மூலையில் படுக்க வை’ என்று விட்டால் உயிர் போம். ஆதலின் உடனொத்தானும் மேஸ்திரியும் சூப்பர்வைசரும் செய்யத்தக்கது, கண்டதை நாளும் மணியும் இட்டுக் குறித்தல். ‘குடித்திருந்தார்’ என்று எழுதற்க. ‘காலை 10 மணி 40 நிமிடம், நடை தடுமாறிற்று, பேச்சுத் தெளிவில்லை, இயந்திரத்தைவிட்டு அகற்றினோம்’ என்று எழுதுக. நோயை முடிவு செய்வது மருத்துவர் வேலை.

இன்னொரு வகையினர் உளர். இவர்கள் வேலைக்களத்தில் ஒரு துளியும் தொடார். ‘இராத்திரி குடித்தது இராத்திரியோடு போயிற்று’ என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி முதலியன நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச்சத்து உடையன. 180 மில்லியுள்ள ஒரு குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சாராயச்சத்து இருக்கிறது. உடல் அதனை மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையே கழிக்கவல்லது. இரவு பதினொரு மணிக்கு இரண்டு குவார்ட்டர் முடித்தவனுடைய உடலில் 120 கிராம். காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவன் வரும்போது பாதிக்கு அண்மையில் இன்னும் குருதியில் உள்ளது. மோர், எலுமிச்சை, காப்பி, தலைக்குத் தண்ணீர் எதுவும் இவ்வேகத்தைக் கூட்டா. விழித்த குடியன் ஆவான், அவ்வளவே. வண்டியோட்டுவார்க்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி குருதிக்கு 30 மில்லிகிராம் என்ற எல்லையை வகுத்திருக்கிறது. காலையில் பட்டறை வேனை எடுக்கும் ஓட்டுநர் பலர், தாம் தெளிந்துவிட்டோம் என்று மெய்யாகவே நம்பி இவ்வெல்லையைத் தாண்டி நிற்கின்றனர்.

அறிந்தபின் செய்வது என்ன? அன்று, அப்பொழுதே செய்ய வேண்டியது ஒன்று. பின்னர்ச் செய்ய வேண்டியது வேறு. இவ்விரண்டையும் குழப்புவதால் பல கேடுகள் விளைகின்றன. அப்பொழுதே செய்ய வேண்டியது, அவனை இயந்திரத்தினின்றும் உயரத்தினின்றும் வண்டியினின்றும் விலக்குவது. அறிவுரை அப்போது வேண்டாம். தனியே வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம். அவன் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஏறினால் நாம் ஆபத்தைக் கதவுக்கு வெளியே தள்ளினோம் என்பதே பொருள். ஒருவர் துணைசென்று வீட்டாரிடம் ஒப்புவித்தல் வேண்டும். எழுப்பியும் எழாதவனாயின் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸ் அழைப்பது கடமை.

பேசுவது மறுநாளோ அதற்கு மறுநாளோ. எவ்வாறு பேசுவது? பிறர் குற்றத்தை எடுத்துச் சொல்ல முற்படும் பிக்கு தன்னுள் நிறுத்த வேண்டிய ஐந்தினை அங்குத்தர நிகாயம் கூறுகிறது. உரிய காலத்தில் சொல்லுதல், மெய்யானதைச் சொல்லுதல், மென்மையாகச் சொல்லுதல், பயன் கருதிச் சொல்லுதல், வெறுப்பின்றி மைத்திரி உள்ளத்தோடு சொல்லுதல் என்பன அவை. பிக்குகளுக்குச் சொன்ன இதனைப் பட்டறைக்குக் கொண்டுவருவது பொருந்துமா என்று ஐயுற வேண்டுவதில்லை. தொழிற்சாலை மருத்துவர்களும் இன்று இதனினும் சிறந்த முறை ஒன்றைச் சொல்லக் கேட்டதில்லை.

உரிய காலம் என்பது அவன் தெளிந்திருக்கும் காலம், பிறர் இல்லாத இடம். மெய் என்பது நாம் கண்ட இரண்டு மூன்று செய்திகள் மட்டும். ஊரார் சொன்னது வேண்டாம். “அண்ணே, போன செவ்வாய்க்கிழமை உங்கள் கை அச்சுக்கு மிக அருகில் போயிற்று. நான்தான் இழுத்தேன். இந்த மாதத்தில் இது இரண்டாவது தடவை. எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொன்னால் போதும். “நீ குடிகாரன், ஒப்புக்கொள்” என்று தொடங்கினால், அவன் தன் மானத்தைக் காப்பதில் முனைவானேயன்றித் தன் கையைக் காக்க முனையான். ஒப்புக்கொள்ளும்படி வற்புறுத்த வேண்டிய தேவையே இல்லை. ‘மருத்துவரிடம் ஒருமுறை போவோம், நானும் வருகிறேன்’ என்பதற்கு அவன் இசைந்தால் அன்றைய வேலை முடிந்தது. முதல்நாள் சினந்து போவான். மறுவாரம் மீண்டும் சொல்லலாம். இனி யான் பதிவேட்டில் பொய் எழுதேன் என்பதையும் அப்போதே, பகையின்றி, தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். இதுவே எல்லாவற்றினும் கடினமானது. எனக்கு அத்துணிவு இருந்திலது.

முதலாளிமார்க்கும் மேலாளர்க்கும் சிகாலோவாத சூத்திரம் சொல்வது உண்டு. ஏவலாளர்க்கு ஆற்றலுக்கேற்ற வேலை அளித்தல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், நல்லுணவைப் பகிர்தல், காலத்தில் ஓய்வு அளித்தல் என ஐந்து கடமைகள் அவர்க்கு உரியன. முதலாவதை நோக்குக. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறக்கப்பட்ட நம் மக்கள், அந்நாற்றத்தைக் குடியாமல் தாங்க முடியாது என்று சொல்லக் கேட்டிருக்கின்றோம். மனிதர் மலம் அள்ளுவதை 1993ஆம் ஆண்டிலும் 2013ஆம் ஆண்டிலும் சட்டங்கள் தடை செய்தன; ஆயினும் தொட்டியில் இறங்கி மாள்வோர் செய்தி நின்றபாடில்லை. இருபது மணிநேரம் வண்டி ஓட்டச்சொல்லி, உறங்காதிருக்க எதையாவது விழுங்கும் நிலைக்கு ஓட்டுநரைத் தள்ளுவோரும் உளர். இங்கெல்லாம் தொழிலாளிக்குச் சீலம் போதிப்பதோடு நிற்பவர் பாதி தம்மத்தையே பேசுகின்றார். மீதிப் பாதி ஆற்றலுக்கேற்ற வேலை என்பது.

‘இந்தச் சாதியாரே குடிகாரர்’ என்று நம்மவரை இழிப்பவருக்கும் இஃது விடையாகும். ஒரே குறைக்கு மேல்நிலை அலுவலர் உடல்நலமின்மை விடுப்பிலும், நம்மவன் வேலைநீக்கச் சீட்டோடும் போவதை எத்தனை முறை கண்டோம்! இந்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனையினர் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுவரையுள்ள இந்தியருள் நூற்றுக்கு 14.6 பேர், அதாவது ஏறக்குறைய 16 கோடிப் பேர், மது அருந்துவோர். அதனால் உதவி வேண்டிய நிலையினர் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமைப்பட்டவருள் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகின்றனர். இத்தொகை எந்தச் சாதிக்கும் தனியே எழுதி வைத்ததன்று.

சட்டமும் இதனை நோயென்றே கருதத் தொடங்கியுள்ளது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் மயக்கப்பொருளாலும் விளையும் மனக்கோளாறுகளை மனநோயுள் அடக்கி, சிகிச்சை பெறுவதையும் அச்செய்தி மறைவாக வைக்கப்படுவதையும் நோயாளியின் உரிமை ஆக்கியது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்னும் பிரிவு உண்டு. மயக்கப்பொருளை உட்கொண்ட குற்றமோ சிற்றளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்ட அடிமை, தானாக முன்வந்து அரசு ஏற்ற இடத்தில் சிகிச்சை பெற்று முடிப்பானாயின், அக்குற்றத்துக்கு வழக்கினின்று அவனுக்கு விலக்கு அளிக்க அப்பிரிவு இடம் தருகிறது. போலீசுக்கு அஞ்சி மருத்துவரிடம் போகாதிருக்கும் இளைஞரின் பெற்றோர் இதனை அறியட்டும். உலகத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நெறிமுறையும், இதனைப் பிற நோய்களைப் போலவே நடத்தவேண்டும், தாமே உதவி நாடுவோர்க்கு வேலை காக்கப்படவேண்டும் என்று கூறுகிறது.

ஆயினும் நம் நிலைமையை மறத்தல் ஆகாது. நம் பாட்டன்மார் கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தனர். அயோத்திதாச பண்டிதர் 1898இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை அங்கேதான் தழைத்தது. வேலை கொடிதாயினும் ஒரே கூரை, ஒரே குடியிருப்பு. ஒருவன் தவறினால் அடுத்த வீட்டான் அறிவான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்களுடைய பேரர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று, ஒப்பந்தக்காரர்கீழ்க் காவலராகவும் கட்டட வேலையாளராகவும் உழைத்து இரவில் மீளுகின்றனர். ஒப்பந்தக்காரரிடம் மருத்துவர் இல்லை, நல அலுவலர் இல்லை, விடுப்பும் இல்லை. இன்று தவறினால் நாளை வேறு ஆள். இந்நிலையில் சட்டம் தரும் உரிமையைக் கையில் எடுத்துக் கொடுப்பவர் எவர்? ஒரே பெட்டியில் எதிரே அமர்ந்து வரும் நண்பனும், நம் சங்கமுமே.

சங்கம் செய்யக்கூடாதது ஒன்றை இங்கே அழுத்திக் கூறவேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவன் ஒருவனைப் பகவன் திருவுருவத்தின்முன் நிறுத்தி, ‘இன்றோடு ஒரு துளியும் தொடேன்’ என்று சத்தியம் வாங்கி அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நல்ல எண்ணத்தோடு செய்வதே. ஆனால் பல்லாண்டு மதுவில் ஊறிய உடல் திடீரென அதனை இழந்தால் கொதித்தெழும். கடைசிக் குடிக்குப்பின் ஒரு பகலுக்குள் நடுக்கமும் வேர்வையும் வாந்தியும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவே சிலர் இல்லாததைக் கண்டு பிதற்றுவர். காய்ச்சலும் படபடப்பும் மிகும். சிகிச்சை இல்லையேல் உயிருக்கே இடர். வீட்டார் இதனைப் பேய் பிடித்தது என்று எண்ணுவதும் உண்டு. சத்தியத்தைக் காக்க முயன்றவனே மாண்டால் அப்பழி நம்மைச் சாரும். ஆகவே முதலில் மருத்துவர், பின்னர்ச் சீலமேற்றல். மருத்துவர் தரும் மருந்தினால் இவ்வாரத்தை ஆபத்தின்றிக் கடக்கலாம். தயமின் என்னும் உயிர்ச்சத்தும் தருவர். பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கெனத் தனித்துறை உண்டு. மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் தொடங்கலாம். எங்குச் செல்வது என்று அறியாதவர் 14446 என்னும் அரசின் இலவசத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

மீண்டும் வழுக்கி விழுபவரைப்பற்றியும் சொல்லவேண்டும். ஏனெனில் பலர் விழுகின்றனர். ‘ஆயிரம் செலவழித்தோம், மறுபடியும் குடித்துவிட்டான், இனி அவன் முகத்தில் விழியோம்’ என்று சங்கத்தாரே சொல்லக் கேட்கிறோம். 1956 அக்டோபரில் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம் வழி வந்தோர்க்கு அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்றாதலின், அதனை மீறியவன் பௌத்தனே அல்லன் என்று கூறுவாரும் உளர். அவர்கள் விநய பிடகத்தில் சாகத தேரரின் வரலாற்றைப் படிக்கவேண்டும்.

பிக்குகளுக்கு மதுவிலக்கு விதி பிறந்ததே சாகதரால்தான். அவர் அம்பதித்தம் என்னும் இடத்தில் கொடிய நாகத்தைத் தம் இருத்தியால் அடக்கிய ஆற்றலாளர். கோசாம்பி நகரத்தார் அவருக்கு நன்றி செலுத்த விரும்பினர். வேறு சில பிக்குகள் சொற்கேட்டு, வீடுதோறும் தெளிந்த மதுவை ஆயத்தம் செய்து அவருக்கு அளித்தனர். ஒவ்வொரு வீட்டிலும் அருந்திய அவர் நகரவாயிலில் விழுந்துகிடந்தார். (மது ஊற்றியவர் பகைவர் அல்லர், போற்றியவரே என்பதைக் கவனிக்க, சம்பள நாளில் நம்மிடையே நடப்பதும் இதுவே.) அவ்வழியே வந்த பகவன் என்ன செய்தார்? விலகிச் செல்லவில்லை. பிக்குகளை ஏவி அவரைத் தூக்கச் செய்து ஆராமத்துக்குக் கொண்டுவந்தார். தலை பகவனை நோக்க அவரைக் கிடத்தினர். அவரோ மயக்கத்தில் புரண்டு கால்களைப் பகவன்பால் நீட்டிக் கிடந்தார். அப்போது பகவன் பிக்குகளை வினவினார்: முன்பு ததாகதரிடம் மரியாதை உடையவராய் இருந்தவர் இப்போது அவ்வாறு இருக்கின்றாரா? நாகத்தை வென்றவர் இப்போது ஒரு தண்ணீர்ப் பாம்பையேனும் வெல்ல வல்லவரா? இல்லை என்றனர் பிக்குகள். பிறகே விதி வகுக்கப்பட்டது. அவ்விதியை மீறுதல் பாசித்தியம் என்னும் வகையைச் சார்ந்தது. சங்கத்தினின்று நீக்கும் பாராசிகம் அன்று. ஒப்புக்கொண்டு திருந்தி மேற்செல்லத்தக்க குற்றம்.

சாகதர் பின்னாளில் அருகத நிலை எய்தினார் என்பது மரபு. அங்குத்தர நிகாயத்தில் தேயுத் தியானத்தில் வல்லவருள் முதல்வராக எண்ணப்படுபவர் இதே சாகதரே. நகரவாயிலிலேயே அவரைக் கைவிட்டிருந்தால் அவ்வரிசையில் அவர் பெயர் இராது.

அடுத்த பௌர்ணமிக் கூட்டத்துக்கு ஒரு வேலை. இரயிலில் பெங்களூர் செல்லும் அன்பர்கள், பெட்டிக்கு இருவராகத் தம் பெயரைச் செயலாளரிடம் தருக. மருத்துவமனைக்கு முதல்நாள் போகும் ஒருவருக்கு அன்றைக் கூலியை விட்டுத் துணைபோக இசைபவரே பெயர் தருக. அவர்க்கு அன்றைக் கூலியைச் சங்க நிதியிலிருந்து ஈடுசெய்வதா என்பதையும் அக்கூட்டத்திலேயே பேசி முடிவு செய்வோம்.